கோர்ட்டில் அழுத வக்கீல்

நாமக்கல் கோர்ட் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இலவச சட்ட உதவி வக்கீல். மற்றவர் அடிக்கிற புருஷன்மேல் வழக்குப் போட்டிருக்கும் அவருடைய கட்சிக்காரர்.

"கூண்டுல நா நிக்கறப்ப இனி நீங்க அழுவாதீங்க வக்கீலம்மா. நானே அழுதுக்கறேன்."

"முடியலீங்கக்கா. தூக்கமே இல்ல. உங்க கேஸ வேற வக்கீலுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தரலாம்னு இருக்கறேன்."

"ஐயோ சாமி, ஏற்கெனவே மூணு வக்கீல்கிட்ட அவன் அடிச்சதையெல்லாம் மொதல்ல இருந்து சொல்லீட்டேன். நீங்க மூணாவது. இன்னொருக்காச் சொல்லத் தெம்பில்லீங்க."

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வியாழக்கெழம நா போற மனநல டாக்டரம்மாகிட்ட நீங்களும் வாங்க."

"அன்னைக்கு வேற கேஸ் இருக்குதுங்கக்கா."

"வாய்தா வாங்குங்க. என்ற கேசுக்கு எத்தன வாங்கீருக்கறீங்க!"

கொஞ்ச தூரம் போனதும் வக்கீல் கேட்டார்.

"எத்தன மணிக்குங்கக்கா?"