டீச்சர் பக்கத்துப் பெடல்

மெக்கானிக்: சாவிய இங்கயே வெச்சிருங்க டீச்சர். இந்த வண்டி இப்படியே வெளிய போகாது.

டீச்சர்: அண்ணே, விளையாடாதீங்க. பன்னெண்டு மணிக்கு டெஸ்ட்டு. இதோ நிக்கறாளே, இவளுக்குத்தான்.

மெக்கானிக்: டிரைவிங் ஸ்கூல் நடத்தற டீச்சரே இப்படி அவசரப்பட்டா எப்படி? ஏன் தங்கச்சி, டெஸ்ட்ட இன்னொரு நாள் வெச்சுக்கக் கூடாதா?

நர்ஸ்: அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுதாண்ணே. திங்கக்கிழமை லைசென்ஸக் காட்டலேன்னா ஆஸ்பத்திரியில இந்த வேலைய வேற நர்ஸுக்குக் குடுத்துருவாங்க. வீடு வீடாப் போயி, எந்திரிக்க முடியாதவங்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாத்தற வேலை. கார் அவங்களே குடுக்கறாங்க.

மெக்கானிக்: ஓட்டறது?

நர்ஸ்: நாந்தான்.

மெக்கானிக்: தனியாவா?

நர்ஸ்: தனியாத்தான்.

மெக்கானிக்: ம்...

டீச்சர்: என்ன 'ம்'? கிறீச்சுனு ஒரு சத்தம் வந்துச்சு, காட்டிட்டுப் போலாம்னு வந்தேன். பிரேக் பேட மாத்துங்க. அரை மணி நேர வேலை.

மெக்கானிக்: பேடு மட்டும்னா அரை மணிதான். இங்க குனிஞ்சு பாருங்க. புதுசுல பத்து மில்லிமீட்டர் இருக்கும். மூணுக்கு வந்தாலே மாத்திடணும். இது ஒண்ணரை. அந்தக் கிறீச்சு என்னன்னு நெனச்சீங்க? என்ன மாத்துடான்னு அது போடற கூப்பாடு.

டீச்சர்: அதத்தான் மாத்துங்கங்கறேன்.

மெக்கானிக்: பேடு கடிச்சுப் பிடிக்குமே, இந்த டிஸ்க்கத் தொடுங்க. ஆறிடுச்சு, பயப்படாமத் தொடுங்க. நகத்த வெச்சு இழுங்க.

டீச்சர்: ...மாட்டுது.

மெக்கானிக்: நகம் மாட்டற அளவுக்குக் கோடு விழுந்தா டிஸ்க்கும் போச்சுன்னு அர்த்தம். ஓரத்துல மேடு கட்டியிருக்கு பாருங்க. நடுவுல நீலம் பாஞ்சிருக்கு. அவ்வளவு கொதிச்சிருக்கு. எந்தக் கனத்துக்குக் கீழ போனாத் தூக்கிப் போடணும்னு டிஸ்க்கு மேலயே எழுதியிருக்கும். இது அதையும் தாண்டிடுச்சு.

நர்ஸ்: மருந்து பாட்டில்ல தேதி போட்டிருக்குமே, அந்த மாதிரியாண்ணே?

மெக்கானிக்: அதேதான். தேதி முடிஞ்ச மருந்த நீங்க குடுப்பீங்களா? இதுல புதுப் பேடு போட்டா அதையும் மாசத்துக்குள்ள தின்னுடும். ஸ்டியரிங் நடுங்குச்சா டீச்சர்?

டீச்சர்: லேசா.

நர்ஸ்: லேசாவா! என் வாட்ச்சே குலுங்கும்ணே.

டீச்சர்: நீ சும்மா இரு.

நர்ஸ்: சும்மாதான் டீச்சர் இருக்கேன்.

டீச்சர்: அந்தக் கோடியில பெஞ்சு இருக்கு பாரு. போய் உக்காந்து ரோட்டு அடையாளம் எல்லாத்தையும் இன்னொரு தடவ படி. போ.

மெக்கானிக்: ...போயிட்டாங்க. இப்ப ஒண்ணு கேக்கலாமா?

டீச்சர்: டிஸ்க்கு இருக்கா இல்லையான்னு மொதல்ல சொல்லுங்க. மணி இப்பவே எட்டு.

மெக்கானிக்: இருக்கு. வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது, அவருக்கு நாளைக்குப் போதும். அது கெடக்கட்டும். உங்களுக்குக் கடைசியா எப்பப் பேடு மாத்தினேன்?

டீச்சர்: போன வருஷம்...

மெக்கானிக்: நாலு மாசம் முன்னாடி. அதோ சுவத்துல எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு முந்தினது ஒண்ணரை வருஷம் ஓடுச்சு.

டீச்சர்: கத்துக்கறவங்க வண்டிண்ணே. கண்டபடி மிதிப்பாங்க.

மெக்கானிக்: அந்த ஒண்ணரை வருஷமும் கத்துக்கறவங்கதான ஓட்டினாங்க?

டீச்சர்: இப்ப வர்றதுங்க ரொம்ப மோசம்.

மெக்கானிக்: கண்டபடி மிதிச்சா வண்டி குதிக்கும். இப்படித் தேயாது. இது லேசா, விடாம, வழி முழுக்க வெச்சுட்டே போன கால். நிதானமான கால். இருபது வருஷம் ஓட்டின கால்.

டீச்சர்: கால் ஜோசியம் வேற ஆரம்பிச்சுட்டீங்களா?

மெக்கானிக்: நாலு மாசம் முன்னாடி ரெண்டு பிரேக் பெடலுக்கும் புது ரப்பர் போட்டேன். ஒண்ணு ஓட்டறவங்க பக்கம், ஒண்ணு உங்க பக்கம். ஓட்டறவங்க ரப்பர்ல வரியெல்லாம் அப்படியே இருக்கு. உங்களது என் தலை மாதிரி வழுக்கை.

டீச்சர்: சிரிப்பு வரலண்ணே.

மெக்கானிக்: எனக்கும் வரல. அன்னைக்கே பழைய ரப்பரப் பாத்தப்பச் சந்தேகம் வந்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாய மூடிட்டு மாத்தி விட்டேன். என் மேலயும் தப்புதான். என்ன நடந்துச்சு டீச்சர்?

டீச்சர்: ஒண்ணும் நடக்கல.

மெக்கானிக்: டீச்சர்...

டீச்சர்: நெசமாவே ஒண்ணும் நடக்கல. ஏழு மாசம் இருக்கும். ஒரு பேங்க்காரர் ஓட்டிட்டிருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்து அவரோட பயிற்சி அட்டையில எழுதிட்டிருந்தேன். 'பிரேக், நல்லா வருது.' அந்த வரியேதான். நிமிந்தா... நிறுத்தி வெச்ச ரெண்டு வண்டிக்கு நடுவுல ஒருத்தர் குனிஞ்சு பையை எடுத்துட்டிருக்காரு.

மெக்கானிக்: ஐயோ.

டீச்சர்: வண்டி தட்டி விழுந்துட்டாரு. முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். எந்திரிச்சு, அவரே எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. எங்கிட்ட!

மெக்கானிக்: அன்னைலேர்ந்தா?

டீச்சர்: அன்னைலேர்ந்து என் கால் பெடல விட்டு வரமாட்டேங்குது. இன்னைக்கு வைக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஏறுவேன். தெரு திரும்பறதுக்குள்ள அது பாட்டுக்கு அங்க போயிடும். அவங்க மிதிக்கறதுக்கு முந்தி நான் மிதிச்சிடறேன். வண்டி நின்னதும் 'நல்லா நிறுத்தினே'ன்னு பாராட்டு வேற.

மெக்கானிக்: டெஸ்ட்லயுமா? ஆபீசர் கூட இருப்பாரே!

டீச்சர்: அவரு பின்சீட்டு. நான் முன்னாடி. மடியில பெரிய பையா வெச்சுக்குவேன், கால் தெரியாது.

மெக்கானிக்: அப்படி எத்தன பேரு பாஸு?

டீச்சர்: ஏழு.

மெக்கானிக்: ஏழு பேரும் இப்ப ரோட்லயா!

டீச்சர்: கத்தாதீங்கண்ணே. ஒருத்தர் போன் பண்ணி, சொந்த வீட்டு கேட்டையே இடிச்சுட்டேன் டீச்சர்னு சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். போன வெச்சப்புறம் மத்த ஆறு பேரு நம்பரையும் எடுத்து வெச்சேன், ஒருத்தருக்கும் பேசல.

மெக்கானிக்: பெஞ்சுல இருக்கற பொண்ணு?

டீச்சர்: மூணு மாசமா வர்றா. ஒரு தடவ கூட அவளா வண்டிய நிறுத்தினதில்ல.

மெக்கானிக்: திங்கக்கிழமை பக்கத்து சீட்டு காலியா இருக்கும் டீச்சர்.

டீச்சர்: தெரியும்ணே! தெரிஞ்சுதான் ஒரு வாரமா சோறு இறங்கல. சொன்னா அவ வேலை போயிடும். சொல்லலேன்னா...

மெக்கானிக்: சொல்லலேன்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க.

டீச்சர்: வேணாம். வாயால சொல்ல வைக்காதீங்க.

மெக்கானிக்: பூசி மெழுகாம கூப்பிட்டுப் பேசுங்க. வேணும்னா நான் வெளிய நிக்கறேன்.

டீச்சர்: போகாதீங்க. நீங்க இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். ...ஏம்மா, இங்க வா.

நர்ஸ்: முடிஞ்சுதா டீச்சர்?

டீச்சர்: உக்காரு.

நர்ஸ்: இவ்வளவு நேரம் உக்காந்துதான் இருந்தேன். ஏன் மூஞ்சி இப்படி வெளிறிப் போயிருக்கு? பி.பி. பாக்கட்டா? வண்டி சரியாகாதா?

மெக்கானிக்: வண்டி சரியாயிடும் தங்கச்சி.

டீச்சர்: இந்த மூணு மாசமா... நீ வண்டிய நிறுத்தினேன்னு நெனச்சியே...

நர்ஸ்: ம்?

டீச்சர்: நீ நிறுத்தல. நாந்தான். சிக்னல்ல, ஸ்கூல் வாசல்ல, அந்தப் பெரிய இறக்கத்துல... எல்லாமே என் கால். உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தேன், நிறுத்தச் சொல்லித் தரல. எனக்குப் பயம். அதுக்காக உன்ன ஏமாத்திட்டேன். திட்டறதுன்னாத் திட்டு.

மெக்கானிக்: தண்ணி குடிக்கறீங்களா தங்கச்சி?

நர்ஸ்: வேணாம்ணே. ...எனக்குத் தெரியும் டீச்சர்.

டீச்சர்: என்ன தெரியும்?

நர்ஸ்: ரெண்டாவது வாரமே தெரியும். ரெண்டு பெடலும் ஒண்ணாக் கட்டினதுதான? நீங்க அமுத்தினா என் பக்கமும் இறங்குது. நான் கால வைக்கப் போறப்ப அது ஏற்கெனவே கீழ போயிருக்கும்.

டீச்சர்: தெரிஞ்சுமா? நல்லா நிறுத்தினேன்னு நான் சொல்றப்பெல்லாம் தேங்க்ஸ் டீச்சர்னு சொல்வியேடி!

நர்ஸ்: அண்ணே, வண்டி எப்பத் தயாராகும்?

டீச்சர்: பேச்ச மாத்தாத.

மெக்கானிக்: ஒம்பதரைக்கு. ஆனா உடனே டெஸ்ட்டுக்கு ஓட முடியாது. புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படியணும். பின்னாடி குடோன் ரோட்ல ஆள் நடமாட்டம் கிடையாது. வேகம் எடுக்கணும், நிதானமா மிதிச்சுக் கொறைக்கணும், மறுபடி வேகம், மறுபடி மிதி. முப்பது தடவ. நடுநடுவுல ஆற விடணும். வழக்கமா நாந்தான் பண்ணுவேன்.

நர்ஸ்: இன்னைக்கு நான் பண்றேன்.

மெக்கானிக்: முப்பது தடவ, தங்கச்சி.

நர்ஸ்: எண்ணிக்கோங்க.

டீச்சர்: இரு, இரு. அந்த முப்பதப் பாத்துட்டுத்தான் டெஸ்ட்டு உண்டா இல்லையான்னு சொல்வேன். ஒண்ணு சரியில்லேன்னாலும் வண்டிய திருப்பிடுவேன். அப்புறம் உன் வேலை போச்சுன்னு எங்கிட்ட அழக் கூடாது.

நர்ஸ்: அழுவேன். நீங்க திருப்பிடுங்க.

மெக்கானிக்: அந்த ஏழு பேரு என்ன ஆகறது?

டீச்சர்: நீங்க டிஸ்க்க மாட்டறதுக்குள்ள ஒவ்வொருத்தரா போன் பண்றேன். வந்து மறுபடி கத்துக்கங்கன்னு சொல்றேன். திட்டினா வாங்கிக்கறேன். அப்புறம்மா... நீ ஓட்டறப்ப நான் பின்சீட்ல உக்காந்துக்கறேன்.

நர்ஸ்: வேணாம். முன்னாடியே உக்காருங்க.

டீச்சர்: முன்னாடி உக்காந்தா என் கால் சும்மா இருக்காதுடி. அது இருக்கட்டும், நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. தெரிஞ்ச அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?

நர்ஸ்: சொன்னா நீங்க கால எடுத்துருவீங்கன்னு பயம் டீச்சர். இப்பவும் பயமாத்தான் இருக்கு... எடுத்துருங்க.