அளவுக்கு ஒரு ஆள்

சாயங்காலம் ஆறு மணி. ஜமுனாமரத்தூர் தாண்டி, தார் முடிந்து மண் தொடங்குகிற சாலை. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. ஒரே ஒரு ஜீப்... அதன் கடைசி சீட்டில் ஒரு பெண்...

"அக்கா, கரண்ட் போன நேரம் பார்த்து இத ஆரம்பிக்காதக்கா" என்றாள் அபிநயா.

ஆரம்பிக்கத்தான் வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு அதே ஜீப் நாங்கள் மூவரும் வாடகைக்கு இருக்கிற வேங்கிக்கால் வீட்டு வாசலுக்கு வரப்போகிறது, அபிநயாவைக் கூட்டிக்கொண்டு போக. ஜவ்வாது மலைக்குள் தங்கி, மலையையும் வானத்தையும் படம் எடுக்கிற சின்னக் குழு. வெளியூர்க்காரர்கள் நாலு பேர் பணம் கட்டி வருகிறார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு மட்டும் இலவசம்.

பையைக் கட்டி வைத்துவிட்டாள். இதற்கென்றே புது ஷூ வாங்கியிருக்கிறாள். சாயங்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு படியில் ஏறி இறங்கிப் பழகினாள். ஒவ்வொரு அடிக்கும் கீச்... கீச்... அறைக்கு வெளியே கழற்றி வைத்த பிறகுதான் எங்கள் காது ஓய்ந்தது.

மூன்று பேரும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான், அபிநயா, சானியா. எமர்ஜென்சி லைட் செத்துக்கொண்டிருந்தது.

"கேட்டுட்டு அப்புறம் போ" என்றேன். "எங்க வீட்டுல மொத டிகிரி நான். சும்மா தரேன்னு எவனாவது சொன்னா எனக்குக் கை நீளாது. கண்ணுதான் சுருங்கும்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், சரசுக்கா."

"ஆமாம். நான் எங்கயாவது கூட்டிச் சொன்னா சானியா நிறுத்துவா. இது நடந்தது அவ பெரியம்மா பொண்ணுக்கு."

சானியா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கடைசி வரை அவள் என்னை நிறுத்தவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் உம்மே ஹானி. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது அவள் வேலை. ஆம்பளை கேமராமேன் அந்தக் கூடத்துக்குள் வரக்கூடாது. அதனால் ஊரில் எந்த நிக்காஹ் என்றாலும் ஹானியைக் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் எடுத்த படங்களை யாரும் எங்கும் மாட்ட மாட்டார்கள். ஆல்பத்தில் வைத்து பீரோவில் பூட்டிவிடுவார்கள். ஊர் பார்க்க ஒரு படம்... அதன் கீழே தன் பெயர்... அது போதும் என்பாள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடைச் சுவரில்தான், இந்தக் குழுவை நடத்துகிற கிரீஷின் படங்களைப் பார்த்தாள். பெரிய பெரிய பாறைகள், பள்ளத்தாக்கு, மேகம். ஒவ்வொன்றிலும் பாறை விளிம்பில் கட்டைவிரல் உயரத்துக்குச் சிவப்புத் துப்பட்டா போட்ட ஒரு பெண். எல்லாப் படத்திலும் முதுகு மட்டும்.

அந்த கிரீஷ்தான் இலவச இடம் தருகிறேன் என்றான். ஹானியின் அம்மா ரஹமத்துன்னிசா ஒரே கேள்விதான் கேட்டார்.

"அரே, மத்தவங்க கிட்ட அவ்ளோ ஜாஸ்தியா வாங்கறான். உனக்கு கம்மி கூட இல்ல, சும்மாவா? இன்னாத்துக்குடி?"

 ஆனாலும் ஹானி கிளம்பினாள். முட்டாள் இல்லை அவள். ஜீப் நம்பரைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். பையில் மிளகாய்த்தூள் பொட்டலம் வைத்துக்கொண்டாள். பெங்களூரிலிருந்து ராஜராஜேஸ்வரி என்று ஒரு அம்மாள் வருகிறார், பாங்கில் ரிடையர் ஆனவர் என்று தெரிந்து, அவருடைய கூடாரத்திலேயே தனக்கும் இடம் கேட்டு வாங்கினாள்.

வழி முழுக்க கிரீஷின் கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். அவன் இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. தொடவில்லை, வழியவில்லை, அசட்டு ஜோக் அடிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூட சீட்டில் வைத்தான், கையில் தரவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்ததாம்.

ஜீப் ஓட்டியவர் வேணு, போளூர்க்காரர். பின்கதவு ஒரே அடியில் மூடாது. டப்... டப்பென்று இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும்.

பாறையை அடைந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எரிந்த புல் வாசனை. பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை. பள்ளம். செல்போனில் சிக்னல் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் முக்காலியில் கேமராவைப் பூட்டினார்கள். ஹானியும் தன்னுடையதை எடுத்தாள்.

"ஹானி, அது இருக்கட்டும்மா" என்றான் கிரீஷ். "அந்த விளிம்புல போய் கொஞ்சம் நில்லு. பாறை எவ்ளோ பெருசுன்னு தெரியணும் இல்ல? அளவுக்கு ஒரு ஆள் வேணும். மூஞ்சி வேணாம். முதுகு போதும்."

இதுதான் அந்த இலவசம். நிலத்தில் கல் நட்டு அளவு பார்ப்பார்களே, அப்படி ஒரு கல்லாக நிற்பதற்கு ஒரு உள்ளூர்ப் பெண். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பையிலிருந்து ஒரு சிவப்புத் துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தான். துவைக்காத துணி. ஏதோ தலையெண்ணெய் வாசனை. ஓரத்தில் முடிகள் சிக்கியிருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று சுருட்டை... ஒரே தலையின் முடி இல்லை.

முதல் நாள்தானே என்று போர்த்திக்கொண்டு போய் நின்றாள்.

அந்த மங்கிய வெளிச்சத்தில் படம் எடுக்க, ஷட்டரை அரை நிமிடம் திறந்தே வைப்பார்கள். அதுவரை அசையாமல் நிற்பதுதான் படத்தில் பதியும். நடந்தால் பதியாது, கரைந்துவிடும். அதனால் ஹானி மூச்சைப் பிடித்து நின்றாள். பின்னால் ஷட்டர்கள் திறக்கிற சத்தம். டிக்... டிக்... டிக்... அப்புறம் அமைதி. அப்புறம் மூடுகிற சத்தம். எல்லாம் முதுகுப் பக்கம்.

ஒன்று மட்டும் முன்னால் கேட்டது.

டிக்.

பள்ளத்திலிருந்து. அவள் முகத்துக்கு நேராக.

"கீழ யாராவது இருக்காங்களா?" என்று திரும்பி வந்ததும் கேட்டாள்.

"யாரும் இருக்க முடியாதும்மா" என்றான் கிரீஷ். இல்லை என்று சொல்லவில்லை. இருக்க முடியாது என்றான். அந்த வித்தியாசம் அவளுக்கு ராத்திரிதான் உறைத்தது. தூங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே பாறை. அவன் துப்பட்டாவை நீட்டியபோது ஹானி கையைக் கட்டிக்கொண்டாள்.

"நானும் போட்டோ எடுக்கத்தான் சார் வந்தேன். நிக்கிறதுக்கு இல்ல. வேணும்னா நீங்க போய் நில்லுங்க."

நான் அவளை மதிப்பது இந்த இடத்தில்தான். கிரீஷ் கோபப்படவில்லை. "சரி" என்று துப்பட்டாவை ஜீப்பின் முன்பக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஹானி எல்லோருக்கும் பின்னால், ராஜராஜேஸ்வரி அம்மாளின் முதுகுப் பக்கம் தன் முக்காலியை நிறுத்தினாள். அரை நிமிடம் வைத்தாள். மலையில் அவளுடைய முதல் படம். அவளே பார்த்து, அவளே எடுத்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் கேமராத் திரையில் குனிந்திருந்தார்கள்.

"சூப்பரா நிக்குது பொண்ணு. நேத்தைக்கு லேசா ஆடினா, இன்னைக்கு ஒரு பிசிறு இல்ல" என்றார் ராஜராஜேஸ்வரி.

"ரெண்டடி லெஃப்ட் போம்மா" என்று கிரீஷ் குனிந்தபடியே விளிம்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "ஆங்... அங்கயே."

ஹானி நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள். யாரும் இல்லை. வெறும் பாறை.

குனிந்து தன் கேமராத் திரையைப் பார்த்தாள். விளிம்பில் சிவப்பாக ஒருத்தி. அடுத்த படத்தில் ரெண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றாள்.

ஹானி ஜீப்பைப் பார்த்தாள். துப்பட்டா போட்ட இடத்திலேயே கிடந்தது.

மூச்சு விடுகிற எதுவும் அரை நிமிடத்தில் கொஞ்சமாவது கலங்கும். இது கலங்கவில்லை. கல்லில் வெட்டியது போல் இருந்தது.

ஹானி வாயைத் திறந்தாள். அதற்குள் ராஜராஜேஸ்வரி அம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. இருட்டில் அந்தப் பெண் கால் தவறி விழுந்துவிடப் போகிறாளே என்கிற நல்ல மனசுப் பயம். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஹானி நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"ஹானி! போதும்மா! வந்துடு!"

அடுத்த படத்தில் பாறை காலி.

"மேடம்... நான் இங்கதான இருக்கேன்" என்றாள் ஹானி.

ராஜராஜேஸ்வரி திரும்பினார். ஹானியைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார்.

கிரீஷ் மட்டும் ஹானியைப் பார்க்கவில்லை. "பேர் சொல்லி யார் கூப்பிட்டது?" என்றான். "பேர் சொல்லி ஏன் கூப்பிட்டீங்க?"

கூடாரத்தைப் பிரித்து, இருட்டிலேயே மலை இறங்கினார்கள். ஹானி முன்சீட்டில் ராஜராஜேஸ்வரியின் கையைப் பிடித்தபடி வந்தாள். ஜீப்புக்குள் அந்தத் தலையெண்ணெய் வாசனை. வேணு வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியை, யாரும் உட்காராத கடைசி சீட்டைப் பார்க்கிற கண்ணாடியை, மேலே திருப்பிவிட்டார். இறங்கும் வரை அதை யாரும் சரி செய்யவில்லை.

"அவ்ளோதானா? நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க இல்ல?" என்றாள் அபிநயா.

வந்துவிட்டாள். ஒரு கீறல் இல்லை. வீட்டு வாசலில் இறங்கி, வந்துட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்ல போனை எடுத்தாள். முகத்தைப் பார்த்துத் திறக்கிற போன். திறக்கவில்லை. துடைத்துவிட்டுக் காட்டினாள். திறக்கவில்லை. நம்பரைப் போட்டுத் திறந்து, முகத்தைப் புதிதாகப் பதிய முயற்சி செய்தாள். முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வரவும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முகம் வட்டத்துக்குள்தான் இருந்தது.

பெருநாள் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து நிற்க, சானியாதான் படம் எடுத்தாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹானியும் சிரித்தாள், சானியா தன் கண்ணால் பார்த்தாள். படத்தில் ஹானியின் பின்னந்தலை. பின்னல். அதில் வைத்த மல்லிகைப்பூ.

அப்புறம் ஒரு அரசு வேலைப் பரீட்சை. ரெண்டு வருஷம் படித்தது. நுழையும் இடத்தில் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கிறார்கள்.

"கேமரா பக்கம் திரும்புங்க மேடம்" என்றானாம் அங்கே உட்கார்ந்திருந்தவன்.

"திரும்பித்தான் இருக்கேன்" என்றாளாம் ஹானி.

உள்ளே விடவில்லை. இப்போது நிக்காஹ் வேலைக்கும் போவதில்லை. வீட்டில் கண்ணாடி எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார் ரஹமத்துன்னிசா. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிரீஷ் தெரிந்து செய்கிறானா, தெரியாமல் செய்கிறானா... அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத்தான் கேட்கிறான். பணம் கட்டி வந்தவர்களில் யாரையும் அந்த விளிம்பில் நிறுத்தியதில்லை.

"உனக்கு அவன் அனுப்பின போஸ்டர் இருக்கு இல்ல? எடு" என்றேன் அபிநயாவிடம்.

எடுத்தாள். பாறை. நீல வானம். விளிம்பில் சிவப்புத் துப்பட்டா. கீழே 'படம்: கிரீஷ்'.

"பெருசாக்கு."

விரலால் இழுத்தாள். சானியா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மற்ற எல்லாப் படத்திலும் முதுகுதான். இதில் மட்டும் அவள் நம்மைப் பார்த்து நின்றாள். ஹானியின் முகம். பெருநாளுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

அபிநயா படத்தை மூடினாள். அப்புறம் கிரீஷுக்கு எழுதினாள். 'உடம்பு சரியில்லை சார். நான் வரலை.' அனுப்பினாள். எனக்கு உயிர் வந்தது.

யாரும் படுக்கவில்லை. அவள் எங்கள் இருவருக்கும் நடுவில், என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு ஒரு வண்டியின் வெளிச்சம் தெருவுக்குள் திரும்பியது. ஹார்ன். ஒரு தடவை.

கீழேயிருந்து கிரீஷின் குரல்.

"அபிநயா! வாம்மா, நேரமாச்சு!"

பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. மூவரும் அசையவில்லை.

அறைக்கு வெளியே... கீச்.

கீச்... கீச்... படியில் இறங்கிப் போனது. அவசரப்படாமல்.

டப். டப்.

ஜீப் கிளம்பிப் போன சத்தம் தெருமுனை திரும்பும் வரை கேட்டது. அப்போதுதான் கரண்ட் வந்தது. டியூப்லைட் பளீரென்று எரிந்தது. அபிநயா எங்கள் நடுவில்தான் இருந்தாள். என் கைக்குள் அவள் கை. மடியில் அவள் போன் மினுங்கியது. கிரீஷ்.

'மெசேஜ் இப்பதான் பார்த்தேன். வரலைன்னு போட்டுட்டு வந்து ஏறிட்டியேம்மா. எங்களை ஏமாத்தப் பார்த்தியா?'

பதில் எழுத அபிநயா போனைக் கையில் எடுத்தாள். முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

திறக்கவில்லை.