மல்லிகைப் பூவுக்கு நின்ற எட்டு வண்டிகள்

கஞ்சிக்கோட்டில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்ற பூவுனால இன்னைக்கு எட்டு வண்டி நின்னுபோச்சுங்க்கா."

"டிரைவருங்க திட்டலியா அம்மிணி?"

"டிரைவர் ஏதுங்க்கா? ஆன்லைன் சாமான் குடோன்ல தானா பெட்டி தூக்கீட்டு ஓடற மிசினுங்க. தரையில எதாச்சும் கெடந்தா நின்னுக்கும், பின்னால வர்றதும் வரிசையா நின்னுக்கும். என்ற தலையில இருந்து மல்லிப்பூ விழுந்திருச்சு."

"ஏற்கெனவே மிசினு வந்து ஆளக் கொறைக்கறாங்க. உன்ற வேலை போச்சா?"

"அப்படித்தான் பயந்தனுங்க. ஆபீசுக்காரங்க கம்ப்யூட்டர்ல தேடியும் காரணம் தெரியல. நாந்தான் பூவ எடுத்துக் காட்டினேன். உனக்கெப்படித் தெரியும்னு சார் கேட்டாரு. அதுங்க எங்க நிக்குது, எதுக்கு நிக்குதுன்னு தெனமும் பாத்துட்டுத்தான இருக்கறேன்னேன்."

"அப்பறம்?"

"நாளையிலிருந்து அந்த வண்டிகளப் பாத்துக்கற வேலை எனக்குங்க. பழக்கித் தர்றாங்களாம்."

"பூவு வெக்கக்கூடாதுன்னிருப்பாங்களே."

"வெச்சா இறுக்கி வெக்கோணும்னாங்க."

கொல்லங்கோட்டில் நானும் இறங்கினேன். இளையவள் நேரே பூக்கடைக்குப் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். பக்கத்துக் கடையில் ஓர் அட்டை ஹேர்பின்னும் வாங்கிக்கொண்டாள்.