ஆட்டம் எப்படி இருந்தது

விளையாட்டில் எனக்கு என்றைக்குமே நாட்டம் இருந்ததில்லை, ஐயா. பகலெல்லாம் கடையில் குழாயும் ஆணியும் விற்றுவிட்டு வந்தால், காலை நீட்டிப் படுக்கத்தான் தோன்றும்.

தம்பி அப்படியில்லை. என் கடையில்தான் வேலை பார்த்தான். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத்தான் தெரியும். மீதி நேரமெல்லாம் அட்டையை வெட்டி, வண்ணம் தீட்டி, ஒரு ரயில் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். ஐந்து ரயில் கம்பெனிகள். எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. பங்குகளை ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். ஏலப் பணம் கம்பெனிக்குப் போகும். அதில் தண்டவாளம் போடலாம். ஒரே கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டால் ஜென்ம விரோதிகளும் சேர்ந்துதான் பாதை போட வேண்டும்.

ஞாயிறு மதியம் எங்கள் கூடத்தில் ஆடிப் பார்ப்பார்கள். ஒரு கணக்கு டீச்சர், ஒரு பஸ் கண்டக்டர், உங்களிடம் புகார் கொடுக்க வந்தாரே அந்த வக்கீல். ஆட்டம் முடிகிற நேரத்தில் தம்பி வெளியே நழுவிவிடுவான்.

"நான் நின்னா மூஞ்சிக்காக நல்லாருக்குன்னு சொல்வாங்கண்ணே. நீ கேட்டுச் சொல்லு. மறைக்காத."

ஒருமுறை என்னையும் உட்கார வைத்தார்கள். ஏலத்தில் ஏற்றி ஏற்றிக் கேட்டு, கையிலிருந்ததை எல்லாம் ஒரே பங்கில் விட்டேன். "அது அவ்வளவு பெறாதுண்ணே" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அன்று அவன் வெளியே போனதும் கேட்டேன். "தோத்தாலும் ஆத்திரம் வரலைங்க" என்றார் டீச்சர். "நேரம் போனதே தெரியல" என்றார் கண்டக்டர். எதிராளியின் கம்பெனிக்குத் தானே பாதை போட்டுக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் வக்கீல். இந்த மாதிரி விளையாட்டுகளை வெளியிடுகிறவர் ஒருவரைத் தெரியும், அழைத்து வரட்டுமா என்றார். பார்க்கலாம் என்றேன்.

சாயங்காலம் தம்பி வந்து நின்றபோது, டீச்சருக்கு ஜெயித்தாலும் சந்தோஷம் வரவில்லையாம் என்றேன். கண்டக்டருக்கு நேரமே போகவில்லையாம். ஒன்றிரண்டு சொல்லைத்தான் மாற்றினேன். விளையாட்டு வெளிவந்தால் அவன் கடையை விட்டுப் போய்விடுவான். உலகம் தெரியாதவன், எங்காவது ஏமாந்து நிற்பான். அண்ணன் என்று ஒருவன் பிறகு எதற்கு.

அவன் விடவில்லை. வாராவாரம் திருத்தினான். ஏலத்தை மாற்றினான், பாதைகளை அழித்தான். "முன்னாடி இருந்ததே நல்லாருந்துச்சே, ஏன் போட்டுக் கெடுக்கிறார்" என்றார் டீச்சர். திருத்தியதும் பிடிக்கவில்லையாம் என்று அவனிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை.

போகப்போக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் திருகாணி கேட்டவருக்குத் தாழ்ப்பாளை எடுத்து நீட்டினான். எனக்கும் அலுத்துப்போயிற்று, ஐயா. கூடப் பிறந்தவனுக்கு வாராவாரம் கெட்ட செய்தி சொல்வது லேசான வேலையில்லை.

கடைசி ஞாயிறு யாரும் வரவில்லை. வர வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். மதியச் சாப்பாட்டில் தம்பி தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லுண்ணே. ஒருத்தருக்காவது பிடிச்சுதா?"

என்ன சொன்னால் என்ன ஆகும் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"ஒருத்தருக்கும் இல்லப்பா" என்றேன்.

அவன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். நான் கூடத்தில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

சாயங்காலம்தான் கதவை உடைத்தோம்.

முதலில் செய்த அட்டையை அவன் எப்போதோ குப்பையில் போட்டிருந்தான். நான் எடுத்துப் பரணில் வைத்திருந்தேன். அதைத்தான் வெளியிடுகிறவரிடம் கொடுத்தேன். பெட்டியின் மேல் என் பெயரைப் பார்த்துவிட்டு வக்கீல் உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். பேராசை என்கிறார். அப்படியில்லை, ஐயா. நாலு பேர் கைக்குப் போகிற பொருளை நாலு விதமாகப் பேசுவார்கள். வருகிற வசவு என்னோடு போகட்டும், செத்தவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் என் பெயரைப் போட்டேன்.

இதுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.