மஞ்சளை மறைத்த விளக்கு

கைவிளக்கு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு தூரம் அடிக்கும் என்றே கேட்பார்கள். பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டுமா என்று கேட்டவர் மிகச் சிலர். என் அண்ணி அவர்களுள் ஒருவர்.

நீங்கள் கேட்டதற்கு முறையாகவே விடை சொல்கிறேன், ஆய்வாளர் ஐயா. இடைமறிக்க வேண்டாம், உங்கள் எழுத்தர் மெதுவாக எழுதுகிறார்.

நான் வடிவமைத்த விளக்கு விரல் நீளமே இருக்கும். அதற்குள் வைக்கும் எல்.இ.டி.யைப் பல மாதிரிகளைக் கழித்துத் தேர்ந்தேன். மலிவான எல்.இ.டி.யின் ஒளியில் தக்காளி கருத்துத் தோன்றும். உயிருள்ள கை பிணத்தின் கை போல வெளிறும். என் விளக்கில் ஒவ்வொரு நிறமும் நண்பகல் வெயிலில் நிற்பது போல நின்றது. ஒளியை இறைவனின் திருமேனியாக எண்ணி வளர்ந்தவன் நான். அதில் மாசு சேர்ப்பது எனக்கு வழிபாட்டுப் பிழை.

அண்ணனுக்கோ அது சரக்கு. பட்டறை அவருடையது. ஒருமுறை நான் இல்லாத வேளையில் மலிவான எல்.இ.டி.யைப் பொருத்தி, "பகலின் நிறம்" என்று நான் எழுதிய வாசகம் அச்சிட்ட பெட்டிகளிலேயே அடைத்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். காரணம் கேட்டேன். பணியாளர்கள் முன்னிலையில் சிரித்தார்.

"டார்ச்சுல என்னடா கலரு? கரன்ட் போனா செருப்பு எங்க கிடக்குன்னு தெரியணும், அவ்வளவுதான். அது என்ன கலர் செருப்புன்னு எவன்டா பாக்கப் போறான்?"

"சின்னவரு டார்ச்சுக்குப் பொண்ணு பாக்கற மாதிரில்ல பாக்கறாரு" என்றார் கம்பிகளுக்குச் சாலிடர் வைக்கும் பணியாளர்.

நானும் புன்னகைத்தேன். அதை மன்னிப்பு என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

பின்னர் அவருக்குக் கல்லீரல் கெட்டது. மருந்தில் ஓரளவு தேறினார். வீட்டுக்கு அனுப்புகையில் மருத்துவர் அண்ணியிடம் ஒன்றை வற்புறுத்தினார்: "தினமும் கண்ணு வெள்ளையப் பாருங்க. லேசா மஞ்சள் தட்டினாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. நேரத்துக்கு வந்தா காப்பாத்திடலாம்."

அண்ணி விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர். அண்ணன் படுத்திருந்த அறையின் சன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தது. கண் கூசுகிறது என்று அவர் அறைவிளக்கைப் போட விடுவதில்லை. பகலில் துணையிருந்தவன் நான்.

"தம்பி, நம்ம பட்டறை டார்ச் வேண்டாம். அதுல எல்லாமே நீலமாத் தெரியுது. உங்க கையால செஞ்சது ஒண்ணு குடுங்க. உள்ளதை உள்ளபடி காட்டணும்" என்றார் அண்ணி.

செய்து கொடுத்தேன். நீலக் கதிர் குறைந்த எல்.இ.டி. ஒன்றைத் தேர்ந்தேன். எஞ்சிய நீலத்தையும் வடிகட்டும் மெல்லிய தகட்டைக் கண்ணாடிக்கு அடியில் பொருத்தினேன். நீலம் இல்லாத ஒளியில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். சற்றே பழகிய கண் இரண்டையும் வெள்ளை என்று கொள்ளும். வெள்ளைத் தாளையும் பழுத்த இலையையும் அருகருகே வைத்துச் சோதித்தேன். உடன்பிறந்தவை போல் இருந்தன.

"கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு" என்றார் அண்ணி. ஒவ்வொரு மாலையும் அண்ணனின் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். "நல்லா வெள்ளையா இருக்கு, தம்பி" என்று மலர்ந்த முகத்தோடு வந்து சொல்வார்.

"பரவாயில்லடா, உன் டார்ச்சுக்கும் ஒரு வேலை கிடைச்சிடுச்சு" என்பார் அண்ணன்.

என் சட்டைப்பையில் நான் முதலில் வடிவமைத்த விளக்கு இருந்தது. ஒரு பகலில் அவர் கண் உறுத்துகிறது என்றார். அதை அடித்துப் பார்த்தேன். கடைக்கண்ணில் எள்ளளவு மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. என் வேலையின் தரத்தை அன்று போல நான் என்றும் உணர்ந்ததில்லை.

"மஞ்சளா ஏதாச்சும் தெரியுதாடா?" என்று கேட்டார். கேலி இல்லாத அந்தக் குரலைச் சிறுவயதுக்குப் பின் அன்றுதான் கேட்டேன்.

"இல்லண்ணா. தூசுதான்."

மறுநாள் கூடியிருந்தது. அதற்கு மறுநாளும். அவர் நினைவு தப்பிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். காப்பாற்ற முடியவில்லை. தம் பார்வையில்தான் கோளாறு என்று அண்ணி கண் மருத்துவரிடம் சோதித்துக்கொண்டார். துணைக்கு நான் போனேன். பார்வை நன்றாகவே இருந்தது. அவர் அழுதார்.

விளக்கைப் பிரித்துப் பார்த்த உங்கள் நிபுணர், வடிவமைப்பில் நேர்ந்த குறைபாடு என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே கையொப்பமிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். உங்கள் கருணைக்கு நன்றி. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அந்த விளக்கில் குறைபாடு எதுவும் இல்லை. எதற்காகச் செய்தேனோ அதைப் பிசகின்றிச் செய்தது. எழுத்தர் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும்: என் அண்ணனை நான் கொன்றேன். ஆனால் பழுதுள்ள விளக்கு ஒன்றையும் இந்தக் கைகள் செய்ததில்லை.