நிறுத்து என்று எவர் சொன்னாலும்

இந்த மாலைக்கு மகுடமாய் நடுநாற்காலியில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! துறைமுகத்துக்குத் தூண்களாய் நின்று தோள் தேய்ந்த மூத்தோர்களே! கையில் பிள்ளையையும் நெஞ்சில் எங்களைப் பற்றிய கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நேற்று கிரேன் ஏறி நாளைக்கே ஃபோர்மேன் ஆகத் துடிக்கும் தம்பிமார்களே! டீ வந்துவிட்டதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைப் பெருமக்களே! இன்றோடு ஓய்வு பெறும் உங்கள் ஃபோர்மேனின் பணிவான வணக்கம்.

"உறவும் உயர்வும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். உயர்வைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுந்தவன் யார்? முப்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான்! சிரியுங்கள், சிரியுங்கள். ஆசைப்படுவது குற்றமா? இல்லை. ஆயிரம் முறை கேட்டாலும் இல்லை. ஆசை இல்லாதவன் ஏணியில் கால் வைப்பானா? ஆனால் ஏறியவன் கீழே நிற்பவனை எந்தக் கண்ணால் பார்க்கிறான்? அங்கேதான் ஐயா, அவன் குணம் தெரியும்.

தாய்மார்களுக்காக எங்கள் தொழிலின் விதி ஒன்றைச் சொல்கிறேன். கிரேன் கூண்டில் இருப்பவனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். தூக்கு, இறக்கு, திருப்பு என்று தரையிலிருந்து கை காட்ட ஒரு சிக்னல்காரர் இருப்பார். அவர் சொல்வதை மட்டும்தான் கேட்க வேண்டும். மேனேஜரே வந்து கத்தினாலும் கேட்கக் கூடாது. ஆனால், "நிறுத்து" என்பதை மட்டும் எவர் காட்டினாலும் கேட்க வேண்டும். கூட்டிப் பெருக்கும் அம்மா கை காட்டினாலும் நிறுத்த வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

என் தங்கையின் கணவர்தான் என் சிக்னல்காரர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஃபோர்மேன் வேலை ஒன்று காலியானது. இருவரும் மனுப் போட்டோம். அதோடு போயிற்று பேச்சு! ஒரே வீட்டுப் பந்தியில் ஆளுக்கொரு மூலை. சோதனை நாளும் வந்தது. போட்டியாளர்கள் என்பதால் எனக்கு வேறு சிக்னல்காரரைப் போட்டார்கள். தன் முறைக்காக மாப்பிள்ளை ஓரமாக நின்றார்.

இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றைத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன்! தொட்டிலில் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினேன். பாதி வழியில் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்தார். நிறுத்து!

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "வயித்தெரிச்சல். என்னைக் கவுக்கப் பாக்கறார்." கை காட்டியது யார் என்று பார்த்தேனே தவிர, எதற்குக் காட்டினார் என்று பார்க்கவில்லை. திருப்பிக்கொண்டே போனேன். கட்டியிருந்த வடம் நழுவிக் கட்டு சரிந்தது. குழாய்கள் கொட்டின. சுமைக்கு வடம் கட்டும் கட்டுக்காரர் ஒருவர் அடியில் நின்றிருந்தார். மாப்பிள்ளை பாய்ந்து அவரை இழுத்திருக்காவிட்டால், இன்று இந்த மண்டபத்தில் ஒரு குடும்பம் குறைந்திருக்கும்.

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

மறுநாள் விசாரணை. "அவர் கை காட்டியது உனக்குத் தெரிந்ததா?" என்றார் அதிகாரி.

"தெரியல சார். அவர் நின்ன இடம் கூண்டுல இருந்து தெரியாது சார்."

சிக்னல் தெரியாத இடத்தில் நின்று வேலையைக் குழப்பினார் என்று மாப்பிள்ளை மேல் அறிக்கை எழுதினார்கள். ஃபோர்மேன் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். அடுத்த மாதம் நான் ஃபோர்மேன்.

வெளியே வந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நிஜமாவே தெரியலையா மச்சான்?"

"தெரியல மாப்பிள்ளை."

"சரி, விடுங்க."

அதன்பின் அவர் கேட்கவே இல்லை. என் தங்கை கேட்டாள். "அண்ணா, இவர் தப்பான இடத்துலயா நின்னாரு?" ஆமாம் என்றேன். என் கீழே இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். என் பிள்ளைகளுக்குத் தாய்மாமனுக்கு மேல் செய்தார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசியது.

"இதெல்லாம் இப்ப எதுக்குப்பா?" என்று முன்வரிசையில் மூத்தவர் ஒருவர் கேட்கிறார். ஐயா, இப்போது சொல்லாமல் எப்போது சொல்வேன்? வீட்டில் சொல்லி மன்னிப்பு வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் பெயரைக் கெடுத்தது உங்கள் எல்லோர் முன்னாலும் அல்லவா? உங்கள் முன்னால்தானே திருப்பித் தர வேண்டும்?

மாப்பிள்ளை! நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றீர்கள். உங்கள் கை தெரிந்தது. இரண்டு கைகளும் தெரிந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அந்த அறிக்கை பொய் என்று இன்று காலை நிர்வாகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் ஓய்வு மரியாதை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. தம்பிமார்களே, உயருங்கள், நன்றாக உயருங்கள்! ஆனால் ஒருவரை மிதித்து ஏறிய படியில் நிம்மதியாக ஒரு நாள் கூட உட்கார முடியாது. உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி வேண்டாம். கீழே இறங்கி மாப்பிள்ளை பக்கத்தில் போய் நிற்கப் போகிறேன். நகர்ந்து இடம் விட்டால் உட்காருவேன். எழுந்து போய்விட்டால், அது அவர் உரிமை. வருகிறேன், வணக்கம்.