தகப்பன் இருக்கிறாரா?

— நீ ஏன் ஓம் எண்டு சொன்னனீ?

— பின்ன என்ன மாமா, யூனிவர்சிற்றியில காசு விசயம் பாக்கிற மனுசி நேரக் கேட்டவ. “வேரோனிக்கா, உம்மட அப்பா உயிரோட இருக்கிறாரோ” எண்டு. ஓம் எண்டன்.

— வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிசம் இருந்திருந்தா அவளே விளங்கிக்கொண்டிருப்பாள்.

— காரை எடுங்கோ, குளிருது.

— உந்த ஹீற்றர் சூடாக அஞ்சு நிமிசம் செல்லும். முதல் முழுக்கச் சொல்லு. படிப்புக்குக் காசு தருவினமோ, இல்லையோ?

— அப்பான்ர வருமானம் எவ்வளவு எண்டு போட்டு, அவற்ற கையெழுத்தும் வேணுமாம். நான் எல்லாம் சொன்னனான் மாமா. யாழ்ப்பாணத்தில மீன் பிடிக்கிறவர், சண்டையில இடம்பெயர்ந்து போனவர், ஒண்டரை வருசமா அவரிட்டயிருந்து ஒரு காகிதமும் வரேல்லை எண்டு. அவ நல்ல மனுசி, பேனையை வைச்சுப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவ. ஆனாச் சட்டம் அதுதானாம். தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாத பிள்ளையெண்டா முழுப் பீஸும் அவையே கட்டுவினமாம். தகப்பன் இருந்தா அவற்ற பேப்பர் வேணும்.

— பாங்கில கேட்டா?

— ஆர் பிணை நிக்கிறது? உங்கட ஹோட்டல் கிளீனிங் சம்பளத்துக்கு அவ்வளவு கடன் தரமாட்டினம். குறை நினையாதேங்கோ.

— இதில என்ன குறை. மற்ற யூனிவர்சிற்றி ஸ்கொலஷிப்போட கூப்பிட்டவங்களெல்லோ?

— இவை முந்தியே இடம் தந்தவையெண்டு, வேற எங்கயும் போகமாட்டன் எண்டு கார்த்திகையில கையெழுத்து வைச்சுக் குடுத்தாச்சு. மற்றதெல்லாத்தையும் நானே கான்சல் பண்ணினன். அண்டைக்கு நீங்கள்தானே கேக் வாங்கிக்கொண்டு ஓடி வந்தனீங்கள்.

— ஓமோம், தலைகால் தெரியாமத் துள்ளினது நான்தான்.

— வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் குடுக்காட்டி இடம் அடுத்த ஆளுக்காம்.

— சரி, சொல்லுறன் கேள். திரும்பிப் போய், அப்பா இல்லை எண்டு எழுதிக் குடு.

— மாமா!

— கத்தாதை பிள்ளை.

— எப்பிடி உங்கட வாயில வருது? உங்கட அக்கான்ர புருசன்!

— ஆரெண்டு எனக்குத் தெரியாதே?

— தெரிஞ்சோ கதைக்கிறியள்? அம்மா போனாப் பிறகு எனக்குத் தலை பின்னி விட்டது அந்த மனுசன். மீன் மணக்கிற கையால, கோணல்மாணலா. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் சிரிக்கும், நான் அவிழ்க்கமாட்டன். என்னை இங்க அனுப்ப வள்ளத்தை வித்துப்போட்டு மற்றவையின்ர வள்ளத்தில கூலிக்குப் போனவர். அவரை நான் செத்தவர் எண்டு எழுதிறதோ?

— ஒரு பேப்பரில எழுதிறதால என்ன வந்திடப்போகுது?

— வரும். நாளைக்கு நான் அவரை ஸ்பொன்சர் பண்ணேக்க இமிகிரேசன்காரன் கேப்பான், “நீரே செத்தவர் எண்டு எழுதியிருக்கிறீர், இப்ப ஆரைக் கூப்பிடுறீர்” எண்டு. என்ன சொல்லுறது?

— அது பிறகு பாப்பம்.

— எனக்குப் பிறகு இல்லை மாமா. நான் எதுக்கு டொக்டருக்குப் படிக்கப் போறன் எண்டு நினைக்கிறியள்? அந்த றூமில தனியச் சோறு தின்னேக்க ஒவ்வொரு நாளும் இதைத்தான் நினைக்கிறனான். எயார்போட்டில வந்து இறங்குவார். குளிருக்கு நடுங்குவார். நான் சிரிப்பன். வேரோ எண்டு கூப்பிடுறதுக்கு உங்களை விட்டா இந்த ஊரில ஆர் இருக்கினம்? நீங்களும் தூர மோர்னிங்சைட்டில இருக்கிறியள், கிழமைக்கு ஒருக்காத்தான் காணுறது. அப்பாவைப் பாத்து ஏழு வருசம் மாமா. எனக்கு ஏலாது.

— அழாதையம்மா.

— நான் அழேல்லை. முடிவெடுத்திட்டன். இந்த இடம் வேண்டாம். நான் வேலை செய்யிற டோனற் கடையில புல் ரைம் தாறம் எண்டவை. ரெண்டு வருசம் உழைச்சா அப்பாவைக் கூப்பிடலாம்.

— விசர்க்கதை கதையாதை! இடத்தை விடக்கூடாது.

— அப்பாவை விடலாமோ?

— வேரோ, நான் சொல்லுறதை ஒருக்காக் கேள். போய் எழுது. பாவமெண்டா அது என்ர தலையில.

— எழுதினா மட்டும் காணுமே? அத்தாட்சி வேணும். மரணச் சேட்டிபிக்கற் இல்லாட்டி மாதா கோயில் சுவாமியின்ர கடிதமாவது கொண்டுவரச் சொல்லுவினம். எந்தச் சுவாமி மாமா, இருக்கிற மனுசனைச் செத்திட்டார் எண்டு எழுதித் தருவார்?

— கடிதம் என்ர வீட்டில கிடக்கு.

— என்ன கடிதம்?

— அப்பாவை அடக்கம் பண்ணின சுவாமி எழுதினது. போன ஆனியில வந்தது, பிள்ளை. உனக்குச் சோதினை முடியட்டும், இன்ரவியூ முடியட்டும், இடம் உறுதியாகட்டும் எண்டு நான்தான் ஒளிச்சு வைச்சனான்.